நனைந்திருந்த மேற்குச் சுவர்

1

"சொவருக்கு எதுக்கும்மா தண்ணி ஊத்துகிய? அது என்ன வாழையா, வளருகதுக்கு?"

ஆரல்வாய்மொழியில் ஐந்து வயது பெபிஷா தன் அம்மா ரெஜிலாவிடம் கேட்டது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. நான் முதலில் எழுதிய வரி வேறு: 'வீடு என்பது மனிதனின்...'

வேண்டாம். ரெஜிலாவின் இடுப்பில் நிறைகுடம் இருக்கிறது. அவளை நிறுத்திவைத்து உபதேசிப்பது பாவம்.

2

கொத்தனார் வைக்க வழியில்லாமல், ரெஜிலாவும் கணவன் ஜெப்சனும் தாங்களே ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டுகிற வீடு. ஊரின் கணவாய்க் காற்று சிமெண்டுக் கலவையை இறுகுமுன்னே உலர்த்திவிடும். மேற்குச் சுவர் அப்படித்தான் வெடித்தது. இடித்துவிட்டு மறுபடியும் கட்டினார்கள். (அன்று ஜெப்சன் அழுதான் என்று எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதேன்? சிமெண்டு கண்ணுல விழுந்துட்டு" என்பான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஒரு வாரம் விடாமல் நனைத்தால் சுவர் தப்பும். இரண்டாம் நாளே பெபிஷாவுக்குக் காய்ச்சல். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். லாரி ஓட்டும் ஜெப்சனோ பூ லோடுடன் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போயிருந்தான். பிள்ளைக்காக ஜெபிக்கையில் ரெஜிலாவுக்குப் பாதியில் சுவர் நினைவு வந்தது. வெட்கப்பட்டு 'ஆண்டவரே' என்று முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் சுவர். ஜன்னலுக்கு வெளியே மரம் அசைந்தாலே காற்று எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தாள்.

3

நாலாம் நாள் பிள்ளையோடு திரும்பிவந்து பார்த்தால், சுவர் ஈரமாக இருந்தது. ஒரு வெடிப்பும் இல்லை. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. (இங்கே ஓர் அற்புதம் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் சுவரடியில் செருப்புத் தடம் இருந்தது. அது அடுத்த மனையில் இருக்கும் சபூராவின் முற்றத்துக்குப் போயிற்று.)

"சபூராக்கா, நீங்களா நனச்சிய?"

"நானா? எனக்கு வேற சோலி இல்லியாக்கும்! மழ பெஞ்சிருக்கும்."

"எஞ் சொவருல மட்டுமா?"

"ஆமாட்டி, ஒனக்குன்னே தனியா. பிள்ளைக்கி எப்பிடி இருக்கு, அதச் சொல்லு."

சபூராவின் முற்றத்து டிரம்மில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒருமுறை.

4

நான் யோசித்த முடிவுகள். சபூரா ஒப்புக்கொள்ள, இருவரும் கட்டிக்கொண்டு அழுவது: எழுதிக் கிழித்தேன். ரெஜிலா மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுப்பது: "எதுக்குட்டி இது?" என்று சபூரா கேட்பாள், கிழங்கைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

புதன் மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. சபூரா கோட்டாற்றில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் நின்றுவிடும். ரெஜிலா பிள்ளையைத் தூங்கவைத்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த மனை டிரம்மை நோக்கி நடந்தாள்.

யாரும் பார்க்கக் கூடாதென்று நினைக்கிறாள். நானோ பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்னால் நீங்களும். இது சரியில்லை. எத்தனை குடம், சபூரா வந்து என்ன சொன்னாள் என்பதையெல்லாம் பிறகு உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்களும்.