அடுத்தது ஆண்

சாவுச் சடங்குக்கு வாடகைக்கு எடுத்த கூடத்தின் முகப்பு மின்திரையில் அப்பாவின் படம் இருந்தது. கீழே எங்கள் பெயர்கள். மகள்கள்: பியோ குமோக், பியோ குட்சுன். அவற்றுக்கு மேலே தனி வரியில், மகன்: பியோ ஹூநாம்.

அந்த ஹூநாம் நான்தான். ஐம்பத்திரண்டு வயதுப் பெண். மூத்த அக்காவுக்கு மட்டும் அப்பா ஆசையாய், எங்கள் மொழியில் பொன், மணி என்று அர்த்தம் வரும்படி குமோக் என்று பெயர் வைத்தார். அடுத்தவள் குட்சுன்; பெண் இதோடு முடிந்தது என்று அர்த்தம். முடியவில்லை, நான் பிறந்து தொலைத்தேன். எனக்கு ‘அடுத்தது ஆண்’ என்று பெயர் வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அடுத்து யாரும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதெல்லாம், பிறக்காத ஒருவனுக்காக நான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் நீதிமன்றம் பெயரை மாற்றிக்கொள்ள அனுமதித்தது. யுன்சுல். தண்ணீர்மேல் மினுங்கும் வெயில். நானே தேடி எடுத்த பெயர். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் திரும்பவில்லை. இந்தத் திரையிலாவது அது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“நீதான் எழுதிக் குடுத்தியா?” என்று குமோக் அக்காவைக் கேட்டேன்.

“ஆமாண்டி. அந்தப் புதுப் பேரு எனக்கு வாயிலயே நுழையல. சொந்தக்காரங்க யாருன்னு கேக்க மாட்டாங்களா?”

கூடத்துப் பணிப்பெண் ஓடிவந்தாள். “மன்னிச்சுக்கோங்க மேடம். ஆம்பளைப் பேரா இருந்துச்சா, மகன்னு போட்டுட்டேன். இப்பவே மாத்திடறேன். சரியான பேரு சொல்லுங்க.”

நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“மாத்த வேணாம்மா.”

“அம்மா, அது நான்.”

“தெரியும்டி.” அந்த வரியை அவள் விரலால் தடவினாள். “சடங்கு முடியுற மூணு நாள்தானே. உங்கப்பாவுக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சினாள். பணிப்பெண் என் முகத்தைப் பார்த்தாள், திரையை மாற்றாமலே போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு இனி வேறு பெயர் கிடையாது என்று அப்போது தெரிந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கூடத்து ஆள் ஒருவன் கறுப்புக் கோட்டும், துக்கத்தில் மகன் கட்டிக்கொள்ளும் கோடு போட்ட கைப்பட்டையும் கொண்டுவந்தான். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பியோ ஹூநாம் ஐயா எங்கங்க?”

நான் கையைத் தூக்கினேன். அம்மா, மகன் இதோ வந்துவிடுவான் என்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.