முன்கண்ணாடியும் கம்பி நாரும்

மாமனாரின் காரைத் தொடாதே என்று அந்த வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார்கள். சிலர் தொட்டதெல்லாம் துலங்கும். அவன் தொட்டால் பணால். குழாயைத் திருகப் போய் சமையலறையைக் குளமாக்கியவன். கணக்கு எழுதிப் பிழைப்பவனை மாமனார் "இன்ஜினியர்" என்று கூப்பிட்டது அதனால்தான்.

இருந்தும் தொட்டான். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, மாமனார் இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட்டில் தூசி தின்று கிடந்த காரை அவருக்குத் தெரியாமல் கழுவி வைப்போம் என்று நல்ல எண்ணத்தில்தான் இறங்கினான். முன்கண்ணாடியில் காய்ந்திருந்த காக்கை எச்சம் துணிக்கு அசைந்து கொடுக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்து, சோப்புத்தூள் போட்டு, முழுக் கண்ணாடியையும் மும்முரமாகத் தேய்த்தான். நிழலில் பளபளவென்றுதான் இருந்தது. ஷெட் கதவைத் திறந்ததும் வெயில் விழுந்தது. கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள்.

கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டான்.

"பாலிஷ் போட்டா சரியாகுமா?"

"அவ்வளவு கீறலத் தேய்ச்சு எடுத்தா பார்வை அலை அலையாத் தெரியும் சார். மாத்தத்தான் வேணும். காலையில கொண்டாங்க. அதுவரைக்கும் எதிர்வெயில்ல ஓட்டிடாதீங்க, ஒண்ணும் தெரியாது."

மறுநாள் மாமனார் நடக்கப் போகும் நேரத்தில் காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினான். சாயங்காலமே அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வா இன்ஜினியர். ஆபீஸ்ல இருந்து பொண்ணை இன்னிக்கு நான் கூட்டிட்டு வரேன்."

"நான் போறேன் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"இத்தனை நாளா அதைத்தானே எடுத்தேன். ஏறு."

ஏறினான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். அவர் தூரத்துப் போர்டுகளைப் படித்துக் காட்டிச் சின்னப் பிள்ளை மாதிரி பூரிப்பார். இவன் வாய் மூடிக்கொள்ளும். மரநிழல் இருந்தவரை கண்ணாடி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. முன்னால் பாலம் வந்தது. அதில் ஏறினால் சூரியன் நேர் எதிரே.

"வலதுபக்கம் போயிடலாம் மாமா. பாலத்துல கூட்டமா இருக்கும்."

"கூட்டத்துல ஓட்டித்தான் எவ்வளவு நாளாச்சு."

ஏறினார். கண்ணாடி மொத்தமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போனது. முன்னால் போன லாரியைக் காணோம். அதன் சிவப்பு விளக்கு கலங்கலாகத் தெரிந்தபோது அது மூக்குக்கு நேரே நின்றிருந்தது.

"மாமா, பிரேக்."

டயர் கிறீச்சிட்டது. லாரிக்கு ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. பின்னால் ஹாரன்கள் வசைபாடின. அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி வழி சொல்லச் சொல்ல, மாமனார் எப்படியோ ஓரங்கட்டினார்.

"அவ்வளவு பெரிய லாரி தெரியலப்பா. கண்ணு போச்சு." சாவியைக் கழற்றி அவன் மடியில் போட்டார். "வண்டிய வித்துடு. அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடு. இருக்கிற வெளிச்சமாவது மிஞ்சட்டும்."

பழி கண்மேல் போய்விட்டது. வாயைத் திறக்காமலிருந்தால் தப்பித்துவிடலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவனுக்குக் கூசியது.

"மாமா, கீழ இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்க மாமா. அதோ, பாலத்து முனையில போர்டு. அதைப் படிங்க."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நெற்றிக்குமேல் கையை வைத்து மறைத்துப் பார்த்தார். "வளைவு... மெதுவாகச் செல்லவும்." நின்றார். திரும்பிக் காருக்குள் குனிந்து, முன்கண்ணாடி வழியே அதே போர்டைப் பார்த்தார். வெளியே வந்து முன்கண்ணாடியில் விரலை வைத்து ஒரு வட்டத்தைச் சுற்றினார்.

"எதால தேச்ச?"

"கம்பி நாரு மாமா. கிளம்புறதுக்கு முன்னாடியே தெரியும். பயந்துட்டு சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

அறை விழும் என்று நின்றான். விழுந்தால் வாங்கிக்கொள்வதாகவும் இருந்தான். மாமனார் திரும்பிக்கொண்டு அந்தப் போர்டை மறுபடி படித்தார், இந்த முறை உரக்க. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ரெண்டு பேரும் செத்திருப்போம்டா பாவி," என்றார். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன் அடித்தது. அவன் மனைவி. எங்கே இருக்கிறீர்கள், அப்பா ஒழுங்காக ஓட்டுகிறாரா, கண் எப்படி இருக்கிறது என்று கேள்விமேல் கேள்வி. அவன் திணறுவதைப் பார்த்து மாமனார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணு பிரமாதமா இருக்கும்மா," என்றார், கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல். "உன் புருஷன் போட்ட கீறல் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது."