எட்டு மணி நேரக் கணக்கு

"மெஷினையும் பிடுங்கிடறேன்ப்பா. ஒண்ணு விடாம கழட்டினாத்தான் கரண்ட் எங்க கசியுதுன்னு தெரியும்."

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டே மகள் சொன்னாள். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"தாராளமா பிடுங்கு. ராத்திரி தூங்கறதுக்குத்தானே அது?" என்றார்.

ஆக்சிஜன் மெஷினின் பிளக்கை அவள் உருவினாள். மணி ஒன்பதரை.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அம்மா போனபின் நாலு சுவருக்குள் அடைந்துகிடக்கப் பிடிக்காமல், பழைய வேன் ஒன்றை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் போட்டு ஏரிக்கரையில் குடியேறிவிட்டார். நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதும், தன் வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்று அவள் தம்பி ஒற்றைக் காலில் நின்றான். பிடிவாதத்தில் அப்பா அவனுக்கும் அப்பன். கடைசியில் மகள்தான் நடுவில் புகுந்தாள். வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவள் ஆயிற்றே, கரண்ட் விஷயத்தில் அவள் பேச்சு எடுபடும்.

ஜெனரேட்டர் மலிவுதான். ஆனால் அந்தப் புகை இவருக்கு எமன். லித்தியம் பேட்டரி விலை கையைக் கடித்தது. கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் சாதாரண பேட்டரி இரண்டு என்று முடிவு செய்தாள். ஆக்சிஜன் மெஷின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டதற்கு அப்பா, "எட்டு மணி நேரம். தூங்கறப்ப மட்டும்" என்றார். அவள் போட்ட கணக்கெல்லாம் அந்த எட்டின் மேல் நின்றது. ஒரு நாள் கரண்ட் நின்றாலும் பெட்டியைக் கட்டிவிட வேண்டும் என்று தம்பி நிபந்தனை போட்டான். அப்பாவும் தலையாட்டினார்.

இப்போது மூன்று வாரமாக பேட்டரி காலை வாருகிறது. வெயில் கொளுத்துகிறது, ஆனாலும் நிரம்பமாட்டேன் என்கிறது. தன் வேலையில் ஓட்டை என்றால் அவளுக்கு அது மானப் பிரச்சினை. தம்பி காதுக்குப் போனால் நாளைக்கே அப்பாவை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கதவைத் திறக்க அப்பா நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் நீளமாக ஒரு கோடு பதிந்திருந்தது. தலையணை மடிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வயராகக் கழற்றி மீட்டரை வைத்தாள். ஃபிரிட்ஜில் குறையில்லை. விசிறியிலும் இல்லை.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"வேலை செய்றவகிட்ட... பேச்சு குடுக்கக் கூடாதுன்னு... உங்கம்மா சொல்லுவா."

"அம்மா சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பு... கடையில ஆள் காத்திருப்பாங்க" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளை இப்படியா விரட்டுவார்?

"இன்னும் அரை மணி நேரம் ஆகும்ப்பா."

"சரி."

அதற்குப்பின் அவர் பேசவில்லை. அவளும் வேலை மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கடைசி வயரையும் பார்த்து முடித்தாள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. எங்கேயும் கசிவு இல்லை. நம்பாமல் மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தாள், அதே பூஜ்யம். கசியாத கரண்ட் பின் எங்கேதான் போகிறது?

மெஷினை இழுத்துத் திருப்பினாள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கண்ணாடி பின்பக்கம் இருந்தது. வாங்கி நாற்பது நாள். அவள் கணக்குப்படி முந்நூற்றிருபது இருக்க வேண்டும். எழுநூற்று அறுபது இருந்தது.

எட்டு என்பது பொய். கன்னத்தில் கோடு பதியப் பகலெல்லாம் மூக்கில் குழாயோடு கிடந்தவர், ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கழற்றி ஒளித்திருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்களே என்ற பயம். அந்தப் பயத்தில்தான் இந்த ஒன்றரை மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா!"

மெஷின் ஓட இரண்டு வயர் மாட்டினால் போதும். மாட்டி, பிளக்கைச் செருகினாள். குழாயை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். அப்பா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள், கட்டிலில் கிடத்தினார்கள், குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டார்கள். கூடவந்த டாக்டர் அவளிடம் ஏதோ ஆறுதல் சொன்னார். அவர்கள் வேனைவிட்டு இறங்கியதும் அவள் குழாயை எடுத்து மறுபடி அப்பாவின் மூக்கில் மாட்டி, மெஷினைப் போட்டாள்.

தம்பி வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பேட்டரி நின்னுடுச்சாக்கா?"

"இல்லடா. பேட்டரிக்கு ஒண்ணுமில்ல."

அவனுக்குப் புரியவில்லை. குனிந்து மெஷினை நிறுத்தக் கையை நீட்டினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா. நல்ல வெயில் அடிக்குது. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."