ஸ்பூனுக்குச் சொந்தக்காரி

நாளைக்குப் பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தலைமையாசிரியர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனபோது, முதல் வகுப்பு டீச்சர் பெந்தா கையில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி சார் என்றாள். எதற்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செனகல் நாட்டின் அந்த மீனவர் குடியிருப்பில் எந்த வீட்டிலும் பிரெஞ்சு கிடையாது. அழுவது, சண்டை போடுவது, மீன் விலை பேசுவது எல்லாம் தாய்மொழி வொலோஃபில்தான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் பிரெஞ்சு. முதல் வகுப்புப் பிள்ளைகள் காலையில் படித்ததை மத்தியானம் கடலில் கொட்டிவிட்டு வந்து நின்றார்கள். பாடப்புத்தகத்தில் பனி பெய்கிற ஊரின் படத்தைப் போட்டு வைத்தால் பாவம், அதுகள்தான் என்ன செய்யும்? பெந்தா ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு ஆளுக்கொரு பிரெஞ்சு வார்த்தையைக் கொடுத்தாள். வீட்டிலிருந்து அந்தப் பொருளைக் கொண்டுவந்து வகுப்பிலிருந்த பெட்டியில் போட வேண்டும். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர்களுடையது. மற்றவர்களுக்கு மறந்துபோனால் சொந்தக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிக்கச் சொன்னாலே ஊரைக் கூட்டுகிற தெத்தியேவுக்கு சோப்பு. வீட்டுக்கு மூத்தவளான அராமுக்கு சாவி. நோகாய்க்கு ஸ்பூன்.

பிரெஞ்சில் 'குய்யேர்.' இருந்ததிலேயே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வார்த்தை அதுதான். நோகாய்க்கு முன்பல் வேறு விழுந்திருந்தது. ஆனாலும் கடற்கரை நெடுகச் சொல்லிச் சொல்லிப் பழகி வந்தாள். வகுப்பில் யாராவது ஸ்பூனைப் பார்த்துத் திணறினால் எல்லோரும் "நோகாய்!" என்று கத்துவார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்து, வகுப்பு அமைதியாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் திருவாய் மலர்வாள். அந்த மிடுக்கைப் பார்க்கவே பெந்தா அடிக்கடி ஸ்பூனை எடுப்பாள்.

மழைக்காலம் முடிந்த கையோடு, நோகாயின் அப்பா பிராம் மீன்பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு, பிழைப்புத் தேடி ஸ்பெயின் தீவுகளுக்குக் களவாகக் கிளம்பிய படகில் ஏறிவிட்டாள். பிராம் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. படகு போய்ச் சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. கவிழ்ந்ததாகவும் சொல்லவில்லை. அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூட மதிலோரமாக உட்கார்ந்து மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஆய்வாளர் வரும் சேதி வந்த அன்று பெந்தா வெளியே வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"மேடம், அந்த ஸ்பூன் வார்த்தைய வேற புள்ளைக்குக் குடுத்துட்டீங்களா?"

"இல்லண்ணே."

"குடுத்துறாதீங்க. நாளப்பின்ன எம்பொண்ணு போன் பண்ணி, 'என் வார்த்த யார்ட்டப்பா இருக்கு'ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பெந்தா தலையாட்டினாள்.

ஆனால் தலைமையாசிரியர் மறுநாள் காலையில் விடவில்லை. "ஆய்வாளர் கேக்கும்போது சொல்ல ஆளில்லாம, ஒரே ஒரு ஸ்பூனுக்காகப் பேரக் கெடுத்துக்காதம்மா. யார் தலையிலயாவது கட்டு" என்றார். பெந்தாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அவர் சொன்னதில் தப்புமில்லை. வகுப்புக்குப் போய் ஸ்பூனைத் தூக்கிக் காட்டினாள்.

"இத யாரு வச்சுக்கறீங்க?"

ஒரு கை கூட உயரவில்லை. "தெத்தியே, நீ வாடா."

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அது நோகாயோடது மேடம். எடுத்தா வந்து அடிப்பா."

"வந்து அடிக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டாள். அப்படி வந்து அடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஸ்பூனை எடுத்து அலமாரிக்குள் வைத்திருக்கலாம். அந்த இருட்டில் போட மனம் ஒப்பவில்லை. பெட்டியிலேயே போட்டாள்.

ஆய்வாளர் தலைநகர் டக்காரிலிருந்து வந்த சிரித்த முகக்காரர். பெட்டியைப் பார்த்ததும் அவரே குழந்தையாகிவிட்டார். சோப்பை எடுத்தார். தெத்தியே எழுந்து முழங்கினான். சாவியை எடுத்தார். அராம் சொன்னாள். ஆளுக்கொரு வார்த்தை என்று பெந்தா விளக்கியதும், "பலே! இத நான் எங்கயும் பாத்ததில்ல" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை அப்படியே பெட்டிக்குள் விட்டு ஸ்பூனை எடுத்தார்.

"இது என்ன?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, யாருக்குமே தெரியாதா?"

தெத்தியேதான் ஆரம்பித்தான். அடுத்த நொடி முழு வகுப்பும் தொண்டை கிழியக் கத்தியது. "நோகாய்!"

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓகோ, சொந்தக்காரியக் கூப்புடுறீங்களா? எங்கம்மா அந்த நோகாய்? எழுந்திரு, பாப்போம்."

யாரும் எழவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பெந்தாவும் பார்த்தாள். முற்றத்து மணலில் யாரோ விழுந்தடித்து ஓடிவரும் சத்தம் கேட்டது. வாசலில் பிராம் வந்து நின்றார். கையில் வலை தைக்கும் ஊசி, அதிலிருந்து அறுந்த நூல் முற்றம்வரை நீண்டு கிடந்தது. மூச்சு வாங்க, அவர் முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.