பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்

நாச்சிமுத்துவின் பத்தாவது ரிக் வண்டிக்குத் திருச்செங்கோட்டில் பூஜை. மழைக்காலம் என்பதால் வடநாட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போன வண்டிகளும் ஆட்களும் ஊர் திரும்பியிருந்தார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கி, பூசணிக்காய் உடைந்து, இட்லியும் பொங்கலும் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குள் வந்தபோது மணி பத்தரை. மேடையில் சுவரளவுக்கு ஒரு எல்.இ.டி. திரை. அதற்கு எதிரே, கல்யாணத்துக்குப் போடும் மாப்பிள்ளை சோபாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

ஜெயப்பிரியா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். கோயம்புத்தூரில் கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கதை எழுதுவது அவள் வேலை. கடைசி வரிசையில் அவளுடைய அம்மா ராஜம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகாதவளைக் கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தாள்.

போகாததற்குக் காரணம் உண்டு. போகிற இடத்திலெல்லாம் ராஜம்மாளுக்கு ஒரே பெயர்தான்: குடித்துவிட்டு ராடில் மாட்டிச் செத்தவன் பெண்டாட்டி. அப்போது நாச்சிமுத்துவிடம் இருந்தது ஒரே வண்டி. அவரே கூடப்போய் நின்று ஓட்டிய காலம். ஜெயப்பிரியாவின் அப்பா சின்னண்ணன் அதில் ஹெல்ப்பர். சத்தீஸ்கரில் ஒரு காட்டில் குழிக்குள் இறக்கும் இருபதடி இரும்பு ராடு நழுவி அவர் தொடைமேல் விழுந்தது. உடம்போடு இரண்டு காகிதங்கள் வந்தன. போலீஸ் காகிதத்தில் விபத்து காலை பத்து மணி, ஆள்மேல் சாராய வாடை. ஆஸ்பத்திரிச் சீட்டில் கொண்டுவந்து சேர்த்தது மாலை நாலு மணி. ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம்.

சின்னண்ணன் கல்யாணப் பந்தியில் பீடாகூடப் போடாத மனிதர். நாச்சிமுத்து துக்கத்துக்கு வரவில்லை, மேனேஜரை அனுப்பினார். அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்க நாதியில்லை. கூட இருந்த டிரில்லர் காளியப்பன் அதே முதலாளியிடம் இன்றுவரை சம்பளம் வாங்குகிறார். அவர் எதற்கு வாய் திறப்பார்?

ரிக் வண்டிக்காரர்களைப் பற்றி ஒரு கேம் செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னதே ஜெயப்பிரியாதான். சத்தம் பதிவு செய்ய ஒரு வண்டி வேண்டுமென்று நேரே நாச்சிமுத்துவிடம் போனாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முன்னால் பார்த்திருந்தால்தானே தெரியும். வண்டியைக் கொடுத்தவர் இளித்துக்கொண்டே கேட்டார்: "ஏனம்மிணி, அதுல வார மொதலாளிக்கு என்ற மூஞ்சியப் போட்டா நல்லாருக்குமில்ல?"

பெரிய மனிதர்களுக்குக் கண்ணாடியைக் காட்டினால் போதும், கழுத்தைத் தானே நீட்டிவிடுவார்கள். அவர் முகத்தை எல்லாப் பக்கமும் படமெடுத்துக் கொண்டார்கள். குரலும் அவருடையதுதான். ஊரைக் கூட்டி, தானே விளையாடிக் காட்டப்போவதாக அவரே ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் பயிற்சி வேறு. முதல் அரைமணி நேரக் கதையை மட்டும் அவருக்குக் கொடுத்திருந்தாள்.

விளையாட்டு ஓட ஆரம்பித்தது. பார்ப்பதற்குச் சினிமாதான். ஆனால் அங்கங்கே கதை நின்று, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவர் அமுக்குகிற வழியில் மிச்சக் கதை போகும். திரையில் நாச்சிமுத்து ராஜஸ்தான் மணலில் வண்டி ஓட்டினார். வழியில் பஞ்சர் ஒட்டினார், வம்புக்கு வந்தவனை அடக்கினார், அன்பு என்ற ஹெல்ப்பரோடு ஒரே தட்டில் சோறு தின்றார். மண்டபம் விசிலடித்தது. சோபாவில் இருந்தவர் முன்னால் நகர்ந்து நகர்ந்து நுனிக்கே வந்துவிட்டார்.

அன்புவுக்கு வேறு முகம்தான் வைத்திருந்தாள். நடையும் பேச்சும் மட்டும் அப்பாவுடையவை. இடது தோளைச் சற்றே இறக்கி அன்பு நடந்து வந்தபோது கடைசி வரிசையில் அம்மா நிமிர்ந்தாள். முன்வரிசையில் காளியப்பன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

குழி எண்ணூறு அடி இறங்கியிருந்தபோது ஒரு ராடு நழுவி அன்புவின் தொடைமேல் விழுந்தது. அன்பு கத்தினான். திரையில் இரண்டு வரிகள் வந்தன.

ராடு பாதியில் நிற்கட்டும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

ஹேமரை மேலே எடுத்த பிறகு கிளம்பு.

கீழே பதினைந்து விநாடிக் கோடு கரைய ஆரம்பித்தது. விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. பாதியில் விட்டால் குழி சரிந்து அடியில் பாறை உடைக்கும் ஹேமர், லட்சக்கணக்கில் விலை, மண்ணோடு போய்விடும். எடுப்பதென்றால் நாற்பது ராடையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணை லாரியில் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக இருப்பதும் அந்த லாரிதான், அதுவரை அது நகராது.

இரண்டு வழியையும் அவள் எழுதியிருந்தாள். முதல் வழியில் அன்பு கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்து சேர்வான். அதை எழுதிய ஒரு மாதமும் அழுதிருக்கிறாள். இந்த ஆள் அதை அமுக்கிவிட்டால் தன் சந்தேகம் தன்னோடு போகட்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. அவருக்கு எதுவும் ஞாபகம் வந்ததாகவும் தெரியவில்லை. எப்போதோ மறந்துவிட்ட விஷயம். அவளால் பொறுக்க முடியாததும் அதுதான். "ஹேமரு போச்சுன்னா அப்பறம் என்னத்தப் பொழைக்கறது" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை அமுக்கினார். கோட்டில் இன்னும் பதினொரு விநாடி மிச்சமிருந்தது.

திரையில் ராடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மணலில் கிடந்து அன்பு தண்ணீர் கேட்டான்.

காளியப்பன் எழுந்தார். "அன்னைக்கும் இதயேதான் சொன்னீங்க மொதலாளி."

"என்னடா?"

"சின்னண்ணனுங்க. நான் ராடு கழட்டக் கழட்ட அவன் தண்ணி தண்ணின்னு கெடந்தானுங்க. எல்லாம் ஏத்தி முடிக்கறப்ப மத்தியானம் மூணு மணி. பொறவு நீங்கதான் சாராயத்த வாங்கியாரச் சொல்லி அவன் சட்டைல ஊத்தச் சொன்னீங்க. ஊத்துனது இந்தக் கைதானுங்க."

மண்டபத்தில் பத்து வண்டி ஆட்கள் இருந்தார்கள். நாளைக்குத் தங்கள்மேலும் ராடு விழலாம் என்று தெரிந்தவர்கள். புது வண்டிக்குப் போவதற்காகப் பேர் கொடுத்திருந்த கதிர் முதல் ஆளாக எழுந்து, பூஜையில் முதலாளி கட்டிவிட்ட துண்டைத் தலையிலிருந்து உருவி நாற்காலியில் போட்டான். பின்னாலேயே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து கன்ட்ரோலரை அவளிடம் நீட்டினார். "தப்பா அமுக்கிப்போட்டேன் அம்மிணி. அந்த எடத்துக்கு இன்னொருக்கா போடு. ஆஸ்பத்திரிக்கே போலாம்."

ஜெயப்பிரியா அதை வாங்கி ஒயரைப் பிடுங்கினாள். "நான் சின்னண்ணன் மவளுங்க. எங்கப்பனுக்கு இன்னொருக்கா யாரு போட்டாங்க?"

அவர் மேனேஜரைத் தேடி அங்குமிங்கும் திரும்பினார். அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. பதினொரு வருஷம் பொறுத்ததற்கு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

அதற்குள் ராஜம்மாள் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்திருந்தாள். முதலாளியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரவேற்புரைக்காக வைத்திருந்த மைக்கை மேடையிலிருந்து எடுத்து, அழுதுகொண்டு நின்ற காளியப்பனின் கையில் திணித்தாள்.

"அவரு குடிக்கலன்னு சொல்லுங்க" என்றாள். "ரோட்டுல போறவியளுக்கும் கேக்கோணும். சத்தமாச் சொல்லுங்க."