தரை இறுகும்வரை

சுவர் கட்ட வந்த எஞ்சினியர்கள் ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்துக் காட்டியபோது, நடுவில் இடைவெளி வேண்டும் என்று முதலில் எழுந்து நின்றவன் வில்பர்தான். தாப்காக் வடதுருவத்தை ஒட்டிய ஒரு மணல் தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் பள்ளிக்கூடமும் தேவாலயமும் விமான ஓடுதளமும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டே வந்ததால்தான் பாறைச் சுவருக்கே ஏற்பாடாயிற்று.

"எல்லாம் சரிங்க, நாங்க படகை எங்க இழுத்துப் போடுறது? வேட்டையாடிட்டு வர்ற கடல்நாயை எங்க வச்சு அறுக்கிறது? இந்தப் பாறை மேலயா? நீங்க வந்து வழுக்கி விழாம அறுத்துக் குடுப்பீங்களா?" என்று அவன் கேட்டதும் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இடைவெளி விட்டால் அலை அங்கேதான் புகுந்து தோண்டும் என்று எஞ்சினியர்களில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள். யார் காதில் விழுந்தது? அப்பனும் பாட்டனும் படகு ஏற்றிய துறையை மூடு என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? துறை அளவுக்கு இடம் விட்டுச் சுவர் எழும்பியது. அந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் வில்பரின் தங்கை லுவெல்லாவின் வீடு இருந்தது.

அந்தப் பெண் சொன்னது அப்படியே நடந்தது. பாறையில் மோதித் திரும்பிய அலையெல்லாம் திறந்திருந்த வாய்க்குள் புகுந்து மணலை வாரிக்கொண்டு போயிற்று. முன்பெல்லாம் லுவெல்லா வாசலில் நின்று கத்தினாலும் கரையில் இருப்பவனுக்குக் கேட்காது. இப்போது வாசலில் நின்று துப்பினால் கடலில் விழும்.

மரவீடுதானே, அதை அப்படியே நகர்த்துவது என்று கோடையிலேயே முடிவாகிவிட்டது. ஊரே சேர்ந்து ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு பெரிய மர உத்தரங்களைக் கொடுத்து, சறுக்குவண்டி மாதிரி ஆக்கி வைத்தார்கள். தரை உறைந்து இறுகியதும் புல்டோசரில் கட்டி, ஓடுதளத்தைத் தாண்டிக் காயல் பக்கம் இழுத்துவிட வேண்டியது. ஊர் புல்டோசரை ஓட்டுபவன் வில்பர். லுவெல்லாவின் கணவன் தூரத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். அவன் வந்து செய்யவேண்டியது என்று ஒன்றுமில்லை. தரை இறுகினால் போதும். எந்த வருஷமும் செப்டம்பர் கடைசிக்குள் பாறையாகிவிடும் தரை, இந்த வருஷம் அக்டோபர் வந்தும் சேறாகக் கிடந்தது. பனி விழவேண்டிய மாதத்தில் மழை பெய்தது. வானத்தை யார் பிடித்து உலுக்குவது?

காலையில் காப்பி கொதிக்கும் நேரத்துக்கு லுவெல்லா ரேடியோவை எடுத்துவிடுவாள். ஊரில் எல்லா அடுப்படியிலும் ஒரே அலைவரிசைதான். ஒருத்தர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அதற்காகவே பேசுவாள்.

"புல்டோசர் முதலாளி, புல்டோசர் முதலாளி, என் வீடு எப்பக் கெளம்புது?"

"தரை இறுகட்டும்டி."

"போன வாரமும் இதத்தான் சொன்ன. கூட்டம்னா மட்டும் வாய் கிழியப் பேசுற. தரைகிட்டயும் கொஞ்சம் பேசிப் பாரேண்ணே."

அவர்களின் மாமன் மகன் இனோக் நடுவில் புகுந்தான். "பொறு லுவெல்லா. மச்சான் தரைக்கு ஒரு கூட்டம் போட்டிருக்கான். கைதட்டத்தான் ஆள் வரல."

ஊரெல்லாம் சிரித்தது. வில்பரும் சிரித்தான், பிறகு காப்பியை வைத்துவிட்டு வெளியே போய்க் காலால் தரையை அழுத்திப் பார்த்தான்.

தங்கைக்காவது பதில் சொல்லிவிடலாம். அவளுடைய நாலு வயது மகளுக்குத்தான் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் பிறக்கும் முன் இறந்துபோன வில்பர், லுவெல்லா இருவரின் தாய் குனுயாக்கின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் வில்பர் அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். வேட்டையாடி வந்தால் நல்ல துண்டு முதலில் அவளுக்குத்தான் போகும்.

"டேய் மகனே, என் வீட்டை ஏன் இன்னும் இழுக்கல?" என்று ஒருநாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். லுவெல்லா சொல்லிக்கொடுத்து அனுப்பியது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், கேட்பது அம்மாவாயிற்றே.

"இழுத்துடுறேம்மா" என்று மட்டும் சொன்னான்.

அப்புறம் புயல் வருகிறது என்று சேதி வந்தது. முன்பு அக்டோபரில் கடல் கஞ்சி மாதிரி பனிக்கூழ் கட்டிக் கிடக்கும். எவ்வளவு பெரிய அலை வந்தாலும் அதற்குள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இந்தத் தடவை அடிவானம் வரை திறந்த கருந்தண்ணீர். தடுக்க ஒன்றுமே இல்லை.

புயலுக்கு முந்தின நாள் காலை வில்பர் புல்டோசரைக் கிளப்பிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை; கயிறும் பலகையும் தூக்கிக்கொண்டு எல்லோரும்தான் வந்தார்கள். சேற்றின் மேல் ஒட்டுப்பலகைகளைப் பரப்பினார்கள். சங்கிலி விறைத்தது. வீடு முனகியது, பிறகு நகர்ந்தது. ஓ என்று ஊரே கூவியது. லுவெல்லா சின்னப் பெண் மாதிரி குதித்தாள்.

வீட்டின் நீளத்துக்குத்தான் நகர்ந்திருக்கும். உத்தரங்களின் மூக்கு சேற்றில் குத்தி நின்றது. பலகைகள் அப்பளமாய் நொறுங்கின. வில்பர் வேகத்தைக் கூட்டினான். புல்டோசர் முன்னே போவதற்குப் பதிலாகக் கீழே போயிற்று. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் ஒன்று தெறித்து விழுந்தது. மத்தியானம் வரை தோண்டினார்கள், முட்டுக்கொடுத்தார்கள், தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள்.

"வுடு மச்சான்" என்றான் இனோக், முகமெல்லாம் சேறாக. "இன்னும் இழுத்தா ரெண்டாப் பொளந்துடும்."

புதைந்த புல்டோசரை வெளியே எடுப்பதற்கே மண் அள்ளும் லோடர் வண்டி தேவைப்பட்டது. பெண்கள் வீட்டைக் காலி செய்தார்கள். வருஷத்துக்கான இறைச்சி நிறைந்த ஃப்ரீசர், கடல்நாய் எண்ணெய் ஜாடிகள், மெத்தை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயின.

வில்பர் லோடரை விட்டு இறங்கவில்லை. நேராகத் துறைக்குப் போனான். துருப்பிடித்த டிரக்குகளையும் காலி எண்ணெய் டிரம்களையும் தள்ளிக்கொண்டுவந்து இடைவெளியில் போட்டான். அதுவும் போதாது என்று தெரிந்ததும் தன் படகையே தூக்கிவந்து அவற்றின் மேல் கவிழ்த்தான். எந்தத் துறைக்காகக் கூட்டத்தில் மார்தட்டினானோ அந்தத் துறையை அவன் கையாலேயே அடைத்தான். இனோக் தன் படகையும் இழுத்துவந்து போட்டான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்?

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கடல் டிரம்களை எடுத்தது. பிறகு படகுகளை எடுத்தது. பள்ளிக்கூட ஜன்னலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லுவெல்லா நின்றாள், பக்கத்தில் வில்பர். சாய்ந்திருந்த வீட்டின் அடியில் மணல் கரைந்தது. வீடு மெதுவாகத்தான் போயிற்று. முதலில் சமையலறைப் பக்கம் தாழ்ந்தது. கூரை கொஞ்ச நேரம் மிதந்தது. "நம்ம வீடு குளிக்குது" என்றாள் குழந்தை.

வில்பர் காத்திருந்தான். தங்கை ஏதாவது சொல்வாள், கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று பார்த்தான். அவள் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"திட்டேன்டி" என்றான்.

"எதுக்கு?"

"நான்தானே அன்னிக்கு எந்திரிச்சு நின்னது."

"நானுந்தானே கைதட்டுனேன்" என்றாள். "நீ இல்லன்னா வேற எவனாச்சும் எந்திரிச்சிருப்பான். எவனும் எந்திரிக்கலன்னா நானே எந்திரிச்சிருப்பேன்."

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

புயல் ஓய்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, வடக்குக் காற்று திரும்பியது. ஒரே இரவில் குட்டைகள் கண்ணாடியாயின. காலையில் வில்பர் வெளியே வந்து குதிகாலால் தரையை ஓங்கி உதைத்தான். கால்தான் வலித்தது. அப்படியே நின்று கெட்ட வார்த்தையில் திட்டினான்; யாரை என்று அவனுக்கே தெரியவில்லை.

இப்போது கடலுக்கு மிக அருகில் இருந்தது இனோக்கின் வீடு. அதற்கும் உத்தரம் கொடுத்துச் சங்கிலி மாட்டினார்கள். உதவிக்கென்று இரண்டு பேர்தான் வந்தார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கவில்லை. புல்டோசர் உறுமியது, வீடு பின்னாலேயே வந்தது. ஓடுதளத்தைத் தாண்டும்போது இனோக்கின் மனைவி உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். அலமாரியில் கோப்பைகள் அடுக்கியபடியே இருந்தன. சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு காயல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

லுவெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்து, வீடு சறுக்கி வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் இரண்டு லேசான கீறல்கள் மட்டும்தான் இருந்தன. வில்பர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

"இவ்வளவுதானாண்ணே?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதான்" என்றான் வில்பர். பிறகு அடுத்த வீட்டுக்குச் சங்கிலி மாட்டப் போனான்.