படத்தில் இல்லாத கொடி

மழை வருகிறதென்றால் ஊரே கூரையைத் தேடி ஓடும். டிராயிங் மாஸ்டர் மட்டும் பலகையையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுவார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மழை மாஸ்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. தெளிந்த வானத்தில் வரைய என்ன கிடக்கிறது என்பார். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் கறுப்பு, நடுவில் நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறும் தண்ணீர், அதுதான் அவருக்கு வேண்டும். கரையோரப் பாறைமேட்டில் உட்கார்ந்து, முதல் ஐந்து நிமிஷத்தில் கண்ணில் பட்டதை மனசில் பூட்டிக்கொண்டு அதையே வரைவார். ஓடுகிற மேகத்தைத் துரத்த மாட்டார். முடிந்ததும் படத்தின் பின்பக்கம் தேதி, மணி, காற்று எல்லாம் எழுதிவைப்பார். முப்பது வருஷமாக அதை ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத்தான் எல்லோரும் திருப்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. 'காலை பத்து பத்து. மேற்குக் காற்று. தூறல் ஆரம்பம்.' முன்பக்கம் படகுத்துறை. துறையை விட்டு அப்போதுதான் விலகுகிற பயணிகள் படகு. துறை அலுவலகத்துக்கு மேலே மொட்டையாக நிற்கும் கொடிக்கம்பம். ஈரம் காயாத வானத்தில் மழைத்துளி விழுந்த பொட்டுகள்கூட அப்படியே இருந்தன. அரைமணி நேரத்தில் அந்தப் படகு கவிழ்ந்தது. பயணிகள் இரண்டு பேர் போனார்கள். படகை ஓட்டியவரும் போனார். ஓட்டியவர் மாஸ்டருடைய தங்கையின் கணவர்.

பத்து மணிக்கே சிவப்புக் கொடி ஏற்றிவிட்டோம், அதை மதிக்காமல் படகை எடுத்தது ஓட்டியவரின் திமிர் என்று துறை மேலாளர் எழுதிக் கொடுத்தார். டிக்கெட் கிழிப்பவரும் கூடவே ஆமாம் சாமி போட்டார். பிழைத்து வந்த பயணிகளுக்கு அலைதான் ஞாபகம் இருந்தது, கம்பத்தை யார் பார்த்தார்கள்? செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? பழியைத் தூக்கிப் பிணத்தின் தலையில் போடுவதைப் போல் சௌகரியம் வேறு எதில் உண்டு!

இறந்த பயணி ஒருவரின் தாயார் அடுத்த தெருவில்தான் இருந்தார். கடைக்குப் போன தங்கையை நடுத்தெருவில் நிறுத்தி, உன் புருஷன் என் பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்று அந்த அம்மாள் கத்தியபோது, தெருவில் ஒரு ஜீவன் குறுக்கே வரவில்லை. தங்கை வாங்கிய சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கொடி ஏறியிருந்தால் தன் கணவர் கயிற்றை அவிழ்த்திருக்க மாட்டார் என்பது அவளுக்கு நிச்சயம். விசாரணை அறிக்கையில் 'ஓட்டியவரின் அலட்சியம்' என்ற இரண்டு வார்த்தை வரக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாஸ்டர் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அவள் மொட்டைக் கம்பத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "அண்ணா, இது போதும். இதைக் காட்டினா போதும்" என்றாள். அவருடைய படத்தை ஒருத்தர் போதும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. துக்கத்துக்கு நடுவிலும் அவருக்குள் ஏதோ ஒரு மூலையில் குளிர்ந்தது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கே வெட்கமாக இருந்தது.

விசாரணை துறைமுக அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜையில் ஒரு டைப்பிஸ்ட், தலைக்கு மேல் கடகடவென்று ஆடும் மின்விசிறி. தங்கை கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி படத்தைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து ரசித்தார். தானும் சின்ன வயதில் வரைந்தவன்தான் என்றார். இந்தச் சாம்பல் நிறத்தை எப்படிக் கலந்தீர்கள், தூறலில் தாள் ஊறிப்போகாதா என்றெல்லாம் விசாரித்தார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் கேட்க ஆளில்லாமல் கிடந்த பேச்சு அல்லவா, மடை திறந்துகொண்டது.

அதிகாரி ஒரு போட்டோவை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பாறைமேட்டிலிருந்து எடுத்தது. அதில் துறைக்குப் பின்னால் செல்போன் டவர் ஒன்று வானளவு நின்றது. படத்தில் அதைக் காணோமே என்று சாதாரணமாகக் கேட்டார்.

புத்தியுள்ள மனுஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் சிரித்தார்! அந்த அசிங்கத்தை யார் வரைவார்கள், விட்டுவிட்டேன் என்றார். சரக்கு இறக்கும் கிரேன்? அதையும்தான். நகல் எடுக்க மெஷின் இருக்கிறது, எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று தெரிந்தவன்தான் கலைஞன் என்று வகுப்பே எடுத்துவிட்டார். டைப்பிஸ்ட் ஒரு வார்த்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அப்போ கொடியையும் தள்ளியிருக்கலாம், இல்லையா மாஸ்டர்?"

கொடி இருந்திருந்தால் போட்டிருப்பேன் என்று மாஸ்டர் முனகினார். நிச்சயமாகவா என்று அதிகாரி கேட்டார். மாஸ்டர் அந்தக் காலை நேரத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வந்தது படம்தான், கடல் வரவில்லை. வரைந்து முடித்த காட்சி மனசில் அப்படித்தான் அழிந்துபோகும், அதன் இடத்தில் தாள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் வேறு. அந்தப் பாழாய்ப்போன நேர்மை அப்போது பார்த்தா தலையை நீட்ட வேண்டும்!

"நிச்சயமான்னா... எப்படி சார் சொல்றது" என்றார்.

அதையும் தட்டினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். படம் கோப்புக்குள் போனது. தங்கை எழுந்து, அவரைப் பார்க்காமலே படியிறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாஸ்டர் கண்ணை மூடினால் அந்தப் படம் வந்து நின்றது. எங்கும் சாம்பல். அப்போதுதான் அன்றைய தவிப்பு திரும்பி வந்தது. படம் முழுக்க ஒரே மந்தமாக இருக்கிறதே, கண் உட்கார ஒரு பொட்டுச் சிவப்பு வேண்டுமே என்று கரை முழுக்கத் தேடினாரே! ஒரு சட்டை, ஒரு வாளி, எதுவாவது. கிடைக்கவில்லை என்று எரிச்சலோடு அல்லவா தூரிகையைக் கழுவினார்! நட்டநடுவில், கம்பத்தின் உச்சியில், ஒரு சிவப்புக் கொடி பறந்திருந்தால் வானத்துக்கு முன்னால் அதை அல்லவா வரைந்திருப்பார்! தூரிகை பிடித்த எவனும் அதை விட்டிருக்க மாட்டான்.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, கொட்டுகிற மழையில் திரும்பி ஓடினார். அதிகாரி கிளம்பிவிட்டிருந்தார். டைப்பிஸ்ட் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிவப்பைப் பற்றிச் சொன்னார். இன்றைக்கு ஒன்று சொல்வீர்கள், நாளைக்கு வேறு நிறம் சொல்வீர்கள், கையெழுத்துப் போட்டாயிற்றே மாஸ்டர் என்று அலமாரியைப் பூட்டினாள். வேண்டுமென்றால் மனு எழுதிக் கொடுங்கள், அறிக்கை நாளைக்கே மேலே போகிறது என்றாள்.

அப்படியே நனைந்த சட்டையோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், சிவப்புக்காக எப்படித் தேடினார், ஏன் கிடைக்கவில்லை, கிடைக்காததே எப்படிச் சாட்சி என்று.

"கொடி ஏறலம்மா. சத்தியமா ஏறல" என்றார்.

"எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமேண்ணா" என்றாள் தங்கை. "தெரியாதவங்க கேட்டப்போ நீ டவரைப் பத்திப் பேசிட்டு வந்தே."